பாலில் பால்

பிரம்மதேசம் சொசைட்டியில்
காலை ஐந்தேகாலுக்கு முதல் கேன் வந்துவிடும்.
லாக்டோமீட்டர் இருபத்தெட்டு, கொழுப்பு நாலு புள்ளி இரண்டு,
எழுதிக் கையெழுத்துப் போடுவேன்.
பதினோரு வருஷமாய் இதுதான்.
தண்ணீர் சேர்த்தவன் என் முகத்தைப் பார்க்க மாட்டான்,
கேன் மூடியைப் பார்ப்பான்.

பாலில் தண்ணீர் இருந்தால் நான் பிடித்துவிடுவேன்.
பாலில் பால் இருந்ததைப் பிடித்தவள்
ஏழு வாரத்து என் மகள்.

வடிவுக்குத் தாய்ப்பால் காணவில்லை.
பால்மாவு கரைத்துக் கொடுத்தோம்,
பசும்பாலில் செய்தது என்று டப்பாவிலேயே போட்டிருந்தது.
நாலாம் நாள் துணியில் கடுகளவு ரத்தம்.
மறுநாள் மிளகளவு.
அம்பாசமுத்திரத்தில் சூடு என்றார்கள்.
பாளையங்கோட்டையில் டாக்டர் ரெஜினா ஒன்றும் சொல்லாமல்
மருந்துச் சீட்டு ஒன்றை உருவி
என் மகள் பேரை அதில் எழுதினார்.
"இதை முழுசாக் குடுத்தா வாசிச்சிருவா.
ஆளைத் தெரிஞ்சுக்கிட்டுச் சண்டைக்கு நிப்பா."
பிறகு சீட்டை நீளவாக்கில் கிழித்து,
குறுக்கே கிழித்து, இன்னும் கிழித்து
மேஜைமேல் தூவினார்.
"இப்ப எழுத்துதான் கெடக்கு, பேரில்ல.
வயித்துக்கு எழுத்துப் போதும்."

உலகம்மை என்ற பெயர்
'உ'வும் 'க'வும் 'ம்'மாய்
மின்விசிறிக் காற்றில் நகர்ந்துகொண்டிருந்தது.

மருந்துக்கடையில் எனக்கு முன்னால் இரண்டு பேர்.
கபடிக்காரப் பையன் ஒருவன்,
தோள் கதவை அடைத்துக்கொண்டு நிற்கிறது,
வாளி மாதிரி ஒரு டப்பா வாங்கினான்,
சீக்கிரம் ரத்தத்தில் சேருமாம்.
அடுத்தவர் கையில் மூக்குக்குழாய்ப் பொட்டலம்;
ஆஸ்பத்திரியில் அவர் அண்ணன்
குடல் அறுத்து ஒன்பது நாள் கிடக்கிறார்.
மூன்று பேரும் கேட்டது ஒரே சரக்கு:
யாரோ முன்கூட்டியே செரித்து வைத்த பால்.
என் டப்பாதான் சின்னது.
நானூறு கிராம், இரண்டாயிரத்துச் சொச்சம்.
சொசைட்டியில் லிட்டருக்கு நாங்கள் கொடுப்பதை நினைத்தேன்,
வகுத்துப் பார்க்கவில்லை.

ராத்திரி கரைத்ததும் வடிவு மூக்கைப் பொத்தினாள்.
"சவம், உருளைக்கிழங்கு வெந்த தண்ணி நாத்தம்."
நான் ஒரு மடக்குக் குடித்தேன்.
கசப்பு.
நாக்கின் அடியில் போய்
உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்காத கசப்பு.
கெட்டுப்போச்சோ என்று டாக்டருக்குப் போன் போட்டேன்.
"இல்லப்பா, அது பாலோடதுதான்.
முழுசா இருக்கையில மடிச்சு உள்ள வச்சிருக்கும்,
வெட்டினா வெளிய தெரியும்."

பதினோரு வருஷம் ருசி பார்த்தவன்.
பாலுக்குள் இது இருந்திருக்கிறது.

முதல் நாள் துப்பினாள்.
இரண்டாம் நாள் என் சட்டையில் துப்பினாள்.
மூன்றாம் நாள் விடியக்காலம் மூணு மணிக்கு
முகத்தைச் சுளித்துக்கொண்டே
அறுபது மில்லி.
துணி வெளுத்தது. எடை ஏறியது.

கேனோடு நின்ற பிச்சுமணி கேட்டான்:
"என்னவே நயினாரு, இம்புட்டுப் பாலை அளக்கீரு,
பிள்ளைக்கு டப்பா மாவாமே?"
"பால்தாம்வே அதுவும்."
அவன் நம்பவில்லை.
அன்றைக்கு அவன் பால் இருபத்திரண்டு நின்றது.
சொன்னேன். மூடியைப் பார்த்தான்.

இன்று உலகம்மைக்கு ஒரு வயசும் பத்து நாளும்.
ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருக்கிறோம்.
நர்ஸ் ஊசியில்லாத சிரிஞ்சில்
அரை மில்லி முழுப் பாலை
அவள் கன்னத்து உள்பக்கம் விட்டுவிட்டுப் போயிருக்கிறாள்.
இருபது நிமிஷம் பார்க்க வேண்டும்:
உதடு தடிக்கிறதா, தோல் சிவக்கிறதா.
அப்புறம் ஒரு மில்லி. அப்புறம் ரெண்டு.

வடிவு கடிகாரத்தைப் பார்க்கிறாள்.
நான் குனிந்து,
மிதவை நிற்கிற கோட்டைப் பார்ப்பது போல
மகளின் கன்னத்தைப் பார்க்கிறேன்.
அவள் நாக்கை நீட்டி
உதட்டோரத்துச் சொட்டைத் தொட்டாள்.

கசக்கவில்லையே என்று
முகத்தைச் சுளிக்கிறாள்.