கட்டாயம் நிரப்பவும்

கயானி நகராட்சியில் வீட்டுவாசல் பனி அள்ள
உதவி கேட்கும் படிவம். எழுதியது நான்.
பெயர், முகவரி, சாலைவரை எத்தனை மீட்டர்,
உங்களுடன் வசிப்போர் எண்ணிக்கை.
ஒவ்வொன்றின் ஓரத்திலும் சிவப்பு நட்சத்திரம்.

வருவது எதையும் நம்பாதே என்பது
இந்த வேலையின் முதல் பாடம்.
ஆகவே வாசலிலேயே நிறுத்தி
முன்னும் பின்னும் ஒட்டிவந்த இடைவெளிகளைத் தட்டிவிடுவேன்.
கோண அடைப்புகளின் கொம்பை ஒடிப்பேன்.
மேற்கோள் குறிக்குள் கத்தி செருகி வருகிறவனையும்
வெறும் எழுத்தாக்கி உட்கார வைப்பேன்.
தொலைபேசிக் கட்டத்தில் ஒருவர்
'மத்தியானம் தூங்குவேன்' என்று எழுதியிருந்தார்.
அதற்கும் ஒரு விதி இருந்தது.

ஜனவரி, புதன்கிழமை, மைனஸ் இருபத்தெட்டு.
பதிவுகளைப் புரட்டிக்கொண்டு வருகிறேன்.
தாவெத்தி கெம்பைனன்.
இரவு 9.14. வசிப்போர்: 0.
இந்தக் கட்டத்தை நிரப்பவும், என்றது என் நிரல்.
9.15. 0.
நிரப்பவும்.
9.19. மறுபடி 0, தவறிவிழுந்த ஓர் இடைவெளி முன்னால்.
அதை விட்டிருந்தால் உள்ளே போயிருக்கும்.
சுத்தமாகத் தட்டிவிட்டுச் சொன்னது: நிரப்பவும்.
9.31. 'யாருமில்லை.'
எண்களை மட்டும் இடவும்.

பிறகு நாற்பது நிமிடம் ஒன்றுமில்லை.

10.12. 1.
நன்றி. உங்கள் விண்ணப்பம் ஏற்கப்பட்டது.

பிழை ஒரே வரியில்தான்.
'காலியா?' என்று கேட்டிருந்தேன்.
சுழியத்தையும் காலி என்றே சொல்லும் மொழி இது,
எனக்குத் தெரியும், பன்னிரண்டு வருடமாகத் தெரியும்.
இல்லை என்று ஒருவர் சொல்வதும்
எதுவுமே சொல்லாமல் போவதும்
ஒன்றென்று எழுதிவைத்திருக்கிறேன்.

திருத்த நான்கு நிமிடம்.
ஆனால் தனியாக இருப்பவர்களுக்கு முதலில் என்பது ஏற்பாடு.
அந்த 1 அவரை இரண்டாம் பட்டியலுக்குத் தள்ளி
இன்றோடு மூன்று நாள்.

கூப்பிடு, என்றாள் பக்கத்து மேசை இர்யா.
கூப்பிட்டேன்.
எடுத்ததும் மன்னிப்பு கேட்டவர் அவர்.
பொய்தான் எழுதினேன், உங்கள் கணினி விடவில்லை,
யாரையாவது சேர் சேர் என்றது,
யாரைச் சேர்ப்பது என்று யோசிக்கத்தான்
கொஞ்சம் நேரம் பிடித்தது.

யாரை என்று நான் கேட்கவில்லை.
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

அட்டவணையைத் திறந்து 1-ஐ எடுத்துவிட்டு 0 இட்டேன்.
ஒரு வரி மாற்றப்பட்டது, என்றது திரை.
மூன்று மணிக்கு ஆறாம் எண் வண்டி
அந்தப் பக்கம் போனது.