ஒரு நிமிஷத்துக்கு எத்தனை

வெள்ளிக்கிழமை வயிற்றில் மூன்று முத்து.
சனிக்கிழமை எண்ணுவதை விட்டுவிட்டேன்.
செல்லூரில், தகர ஷீட்டுக்கு அடியில்,
பங்குனி வெயிலும் பிள்ளையும்
சேர்ந்து கொதித்தார்கள்.

வீட்டுக்காரம்மா நிலையில் வேப்பங்கொத்தைச் செருகினாள்.
"தாளிக்காத. தலை சீவாத.
சுடுதுன்னு வாயால சொல்லாத,
குளுந்திருக்கான்னு சொல்லு."
குளிர்ந்திருக்கிறான்.
தொட்ட கை சுடுகிறது.

"டாக்டர்ட்ட மட்டும் தூக்கிட்டுப் போயிராத, கோவிச்சுக்குவா."

லித்திஷுக்கு ஒன்றே முக்கால் வயது.
ஞாயிறு ராத்திரி பால் குடிக்கவில்லை.
இடது காதுக்குப் பின்னால் ஒரு முத்து மட்டும்
மற்றதைப் போல இல்லை.
சுற்றிலும் சிவந்து, கல்லு மாதிரி.
அவன் அப்பா திருப்பூரில் நைட் ஷிப்டு.
போனில் மிஷின்தான் பேசியது,
அதற்கு நடுவில் எங்கேயோ
"போ புள்ள, மொதல்ல போ."

அடுப்படிக் காலண்டரில் இருந்தவளிடம் சொன்னேன்:
நீ இவன் மேலேதான் இருக்கிறாய் என்றால்
உன்னையும் சேர்த்துத்தான் தூக்கிப் போகிறேன்.
ஒரு எட்டு போய்விட்டு வருவோம்.

ஷேர் ஆட்டோக்காரர் வேப்பிலையைப் பார்த்தார்.
கண்ணாடிக்கு மேல் ஒட்டியிருந்த சாமியைப் பார்த்தார்.
வேறு யாரையும் ஏற்றவில்லை.
கோரிப்பாளையத்தில் காசும் வாங்கவில்லை.
தயவா பயமா, தெரியவில்லை.
நாங்கள் இறங்கியதும் சீட்டைத் துடைத்தார்.

கிளினிக்கில் கம்பவுண்டர் வாசலிலேயே மறித்தார்.
"உள்ள மாசமா இருக்கற பொண்ணு உட்கார்ந்திருக்கு.
நீங்க மாடிப்படிக்குக் கீழ நில்லுங்க."
மோட்டார் பம்பு, பழைய டயர் இரண்டு, பினாயில் வாளி.
எனக்கு முகம் சுண்டிப் போனது.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள்
என்னைப் பார்த்தாள்,
இரண்டு கையாலும் வயிற்றைப் பொத்திக்கொண்டாள்.
நான் இன்னும் ஒரு அடி தள்ளி நின்றேன்.

டாக்டர் நஸ்ரத் தலை இடிக்காமல் குனிந்து வந்தார்.
"என்ன பண்ணுது?"
"அம்மா வந்திருக்கா."
"எப்ப வந்தாங்க?"
"வெள்ளிக்கிழமை."
சிரிக்கவில்லை. வெள்ளி என்று எழுதிக்கொண்டார்.

சட்டையைத் தூக்கச் சொன்னார்.
முத்தை ஒன்றும் பார்க்கவில்லை.
கைக்கடிகாரத்தையும் பிள்ளையின் விலாவையும்
மாறி மாறிப் பார்த்தார்.
உதடு மட்டும் அசைந்தது.
ஓதுகிறார் என்று நினைத்தேன்.
எண்ணிக்கொண்டிருந்தார்.

"முப்பத்தெட்டு. மூச்சு பயமில்ல."
பிறகு காதுக்குப் பின்னால் விரலை வைத்தார்.
அலறினான்.
"இது அவங்க வேலை இல்லம்மா. நகம் பட்டுச் சீழ் வைக்குது.
வேப்பிலை பக்கத்துல இருக்கட்டும், அரைச்சுப் பூசாதீங்க.
பெரியாஸ்பத்திரிக்குப் போங்க.
வீட்டுக்குப் போயிட்டு இல்ல. இப்படியே."

"நகம் வெட்டலாமா டாக்டர்? தண்ணி ஊத்துற வரைக்கும்..."
கத்தரியைக் கொண்டுவரச் சொல்லி
பம்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவரே வெட்டினார்.
பத்துத் துண்டு. அரிசி நொய் அளவு.
கம்பவுண்டர் நூற்றைம்பது வாங்கிக்கொண்டார்.

பெரியாஸ்பத்திரிச் சீட்டில் ரித்திஷ் என்று எழுதிவிட்டார்கள்.
திருத்த ஆள் இல்லை.
நாலு நாளும் அந்தப் பெயரிலேயே ஊசி போட்டுக்கொண்டான்.
கடைசி அறை, ஆறு கட்டில்,
ஆறு தலையணைக்கும் அடியில் ஒரு கொத்து.
நர்சம்மா விரிப்பை மாற்றும்போது
அதை எடுத்து வைத்துவிட்டு
விரித்ததும் இருந்த இடத்திலேயே வைத்தார்.

ராத்திரி போன் வெளிச்சத்தில்
அவன் விலாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
"என்னக்கா முணுமுணுக்கற, வேண்டுதலா?"
பக்கத்துக் கட்டில், மேலூர்க்காரி.
"மூச்சை எண்ணுறேன். டாக்டரு எண்ணுனாங்க."
"எத்தன?"
"முப்பத்தி நாலு."
கொஞ்ச நேரம் சும்மா கிடந்தாள்.
"எம்மகளுக்கும் பாரேன்."

எழுந்து போய் அவள் மகளுக்கும் எண்ணினேன்.
இருபத்தொன்பதில் கொட்டாவி வந்து
விட்டுப் போனது.
மறுபடி ஒன்றிலிருந்து.