தலையாட்டி

வினிபெக்கில் இன்று மைனஸ் முப்பத்தொன்று.
ஆய்வுக்கூடத்து உறைபெட்டிக்குள் மைனஸ் எண்பது.
வெளியே போய் நின்றால் கொஞ்சம் சூடாக இருக்கும் என்கிறாள் தார்யா,
கையுறையை உதறிக்கொண்டே.

பெட்டிக்குள் ஒருவருடைய மூளை,
துண்டு துண்டாக.
பெயர் கிடையாது. 2217.
ஆவணத்தில் யாரோ ஒரு வரி கூடுதலாக எழுதிவிட்டார்கள்:
ஐஸ் அரங்கில் தரை மெழுகும் வண்டி ஓட்டியவர்,
கடைசி இரண்டு வருடம் மனைவியிடம்
டிக்கெட் இருக்கிறதா என்று கேட்டவர்.

மயிரிலும் மெல்லிசாகச் சீவி
கண்ணாடித் தகட்டில் ஒட்டுகிறேன்.
நரம்பும் நரம்பும் தொட்டுக்கொள்ளும் முனைகளுக்கு நீலம்.
சுற்றிக் காவல் நிற்கும் செல்களுக்குப் பச்சை.
சிவப்பு, அந்தப் புரதத்துக்கு.

அதற்கு வாயில்லை, பல்லில்லை.
ஒரு முனையில் போய் ஒட்டிக்கொள்ளும்.
இது, என்று சொல்லும்.
பச்சை வந்து தின்னும்.

இருட்டறையில் முதல் முறை பார்த்தபோது
எனக்குப் பாடப்புத்தகம் தேவைப்படவில்லை.

விடியக்காலை ஒலிபெருக்கி கத்தியது.
எல்லாரும் பள்ளிக்கூட மைதானத்துக்கு வாங்கோ.
(இன்டர்லூகினும் அப்படித்தான்,
எதிரி செத்த பிறகும் கத்திக்கொண்டிருக்கும்.)
ஊர் முழுக்க வெயிலில் குந்தியிருந்தது.
ஜீப்புக்குப் பக்கத்தில் சாக்கு மூடிய ஓர் உருவம்,
கண்ணுக்கு இரண்டு ஓட்டை.
ஒவ்வொருவராக அதன் முன்னால் போய் நிற்க வேண்டும்.
சாக்கு அசையாவிட்டால் வீடு.
அசைந்தால் ட்ரக்.

சாக்கு யாரையும் அடிக்கவில்லை.
ஒரு சொல் பேசவில்லை.

கீழே கால்கள் தெரிந்தன.
இடது செருப்பின் வார் அறுந்து
நீல வயரால் கட்டியிருந்தது.
எங்கள் பழுதான ரேடியோவிலிருந்து
நான்தான் அறுத்துக் கொடுத்தேன் அந்த வயரை,
இராசகுலனுக்கு.
மூன்று கிழமையாக அவனைத் தேடிக்கொண்டிருந்த அவன் தாய்
எனக்கு முன் வரிசையில்,
தலையில் ஈரத் துவாயோடு.

அண்ணன் போய் நின்றபோது சாக்கு அசையவில்லை.
அடுத்து நின்றது தபால்காரர் மகன்.

அந்தச் செருப்பைப் பற்றி
இதுவரை ஒருவருக்கும் சொன்னதில்லை.

புதன்கிழமைக் கூட்டத்தில் டாக்டர் மெக்ரே
திரையில் சிவப்பைக் காட்டினார்.
குற்றவாளி கிடைத்துவிட்டான், தடுத்தால் போதும்.
இந்தப் புரதமே இல்லாமல் பிறந்த எலிகள்
கிழமான பிறகும் வழி தவறவில்லையாம்.
நான் கை தூக்கினேன். டெக்னீஷியன்கள் வழக்கமாகத் தூக்குவதில்லை.
குழந்தை மூளையில் இது என்ன செய்யும்?
நல்ல கேள்வி, இதே வேலைதான், என்றார்.
கண்டபடி முளைத்த இணைப்புகளைக் காட்டிக்கொடுக்கும்,
பச்சை தின்னும்,
பிள்ளைக்குப் பார்வை தெளியும்.

அப்ப ஆர் இதுக்குச் சாக்கு மாட்டினது?
தமிழில் கேட்டுவிட்டேன்.
தார்யா நான் தும்மியதாக நினைத்து
டிஷ்யூ பெட்டியை நகர்த்தினாள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும்.
சிவப்பு தானாக ஒளிராது.
நான் சொட்டும் ஆன்டிபாடி தேடிப்போய் ஒட்டிக்கொண்டு
இது, என்கிறது.
ஐந்து வருடமாக எனக்கு இதற்குத்தான் சம்பளம்.

மாலையில் 2217இன் கடைசித் தகடு.
ஒரு மூலையில், பச்சை சூழ, சிவப்பு படாத நீலப் புள்ளிகள்.
இரண்டு தரம் எண்ணினேன். நாற்பத்தொன்று.
எதைத் தாங்கி நின்றனவோ,
டிக்கெட்டையோ, அரங்கின் வெளிச்சத்தையோ.
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

பஸ் நிறுத்தத்தில் ஏழெட்டுப் பேர்.
குளிருக்கு எல்லோரும் கம்பளி முகமூடி,
கண்ணுக்கு இரண்டு ஓட்டை.
ஒருவர் என்னைப் பார்த்துத் தலையை அசைக்கிறார்.
இந்த ஊரில் அது வணக்கம்.
பதிலுக்கு அசைக்க வேண்டும், தெரியும்.
நான் அவருடைய பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.