எண்பத்தைந்தாம் படி

எங்கள் வீட்டுக்கு வழி கேட்டால் இப்படிச் சொல்வேன்:
வல்பரைஸோ துறைமுகத்துக்கு முதுகைக் காட்டி ஏறு,
மூச்சு வாங்கும் இடத்தில் இடப்பக்கம் திரும்பு.
மொத்தம் நூற்று அறுபத்திரண்டு படிகள்.
எண்ணிக்கொண்டே ஏறுகிறவன் கிழவன் என்பார்கள்.
போன ஏப்ரல்வரை நான் எண்ணியதில்லை.

ஏப்ரலில்தான் அந்த மாத்திரை வந்தது.
வெள்ளை, நீள்வட்டம், நடுவில் ஒரு கோடு.
இரவுக்கு ஒன்று, என்றார் டாக்டர் அராங்கிஸ்.
காகிதத்தில் ஓர் எண்ணைச் சுற்றி வட்டம் போட்டார்.
"கொழுப்பு, தோன் எவாரிஸ்தோ.
எழுபத்தாறு வயதில் இவ்வளவு ஆகாது."
மூன்று மாதத்தில் எண் இறங்கியது.
"ரத்தத்தில் குறைந்துவிட்டது,
வாய்க்கொழுப்புக்குத்தான் அவர் மருந்து எழுதவில்லை"
என்றாள் நெலிதா.

பிறகு கெண்டைக்கால்.
வலி என்றால் அது பெரிய சொல்.
ஈரக் கயிற்றை உள்ளே யாரோ முறுக்கிப் பிழிந்துவிட்டு
உதறாமல் போய்விட்டது போல.
எண்பதாம் படியில் நிற்பேன்.
மளிகைப் பையைக் கீழே வைத்து
கடலைப் பார்ப்பதாகப் பாவனை செய்வேன்.
முப்பத்தோரு வருஷம் கிரேன் கூண்டிலிருந்து
பார்த்துச் சலித்த கடல்.

மாத்திரையா, வயதா?
பெட்டிக்குள் மடித்திருந்த தாளை விரித்தேன்,
மேஜை கொள்ளவில்லை.
தசைவலி, களைப்பு, மறதி, வயிற்றுப் பொருமல்,
படிக்கப் படிக்க ஒவ்வொன்றும் என்னிடம் இருந்தது.
கர்ப்பிணிகள் உட்கொள்ளக் கூடாது என்ற வரியில்தான்
கொஞ்சம் நிம்மதி.

எதிர்வீட்டு ஒனோஃப்ரே சொன்னான்,
எல்லாம் கம்பெனிக்காரன் சூழ்ச்சி, பூண்டைத் தின்னு என்று.
அவன் தின்கிறான்.
அதனால் அவனோடு அதிக நேரம் வாதாட முடிவதில்லை.

என் அண்ணன் ரோசெந்தோ
எந்த மாத்திரையும் தொடாதவன்.
நூற்றுப் பதினெட்டாம் படியில் உட்கார்ந்தான்,
எழவில்லை.
பைக்குள் ரொட்டி இன்னும் சூடாக இருந்தது.
அந்தப் படியை நான் மிதிப்பதில்லை, தாண்டிப் போவேன்.
இப்போது தாண்டுவதற்குக் கால் எழவில்லை.

யாரிடமும் சொல்லாமல் நிறுத்தினேன்.
நாக்கடியில் ஒதுக்கிவைத்து,
விளக்கணைந்ததும் பழைய மழைக்கோட்டின் பைக்குள்.
இருபத்து மூன்று இரவுகள்.
முதல் வாரம் எதுவும் மாறவில்லை.
இரண்டாம் வாரம் கயிறு கொஞ்சம் தளர்ந்தது,
அல்லது தளரட்டும் என்று நான் அவ்வளவு ஆசைப்பட்டேன்.
மூன்றாம் வாரம் நெஞ்சில் ஏதோ சுருக்கென்றது.
வாயுவா, ரோசெந்தோவா
தெரியாமல் விடியும்வரை விழித்துக் கிடந்தேன்.

ஆகஸ்ட் மழையில்
நெலிதா அந்தக் கோட்டை மாட்டிக்கொண்டாள்.
பைக்குள் கையை விட்டாள்.
நின்றாள்.
மேஜைமேல் ஒவ்வொன்றாய் எடுத்துவைத்தாள்.
தூசி ஒட்டிய இருபத்து மூன்று.
திட்டு வாங்கக் காதைத் தயாராக்கினேன்.
அவள் அலமாரிக்குப் போய்
தையல் டப்பாவைக் கொண்டுவந்து கவிழ்த்தாள்.
பொத்தான்கள், நூற்கண்டு, கழன்ற கொக்கிகள்,
அவற்றுக்கு நடுவே
அதே வெள்ளை, அதே கோடு.
அவளுக்கும் அதே மாத்திரை என்பது
எனக்கு எப்போதோ மறந்துபோயிருந்தது.
நாற்பதுக்கு மேல் இருக்கும்.

"தொண்ணூறாம் படியில் நான் ஏன் நிற்கிறேன் என்று நினைத்தாய்?
கடல் பார்க்கவா?"

வியாழக்கிழமை இருவரும் போனோம்,
ஒரே பிளாஸ்டிக் பையில் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு.
டாக்டர் பையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார்,
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"சிலருக்கு மருந்து நோகும், பலருக்கு வயது நோகும்.
இரண்டும் ஒரே கதவைத்தான் தட்டும்.
யாரென்று பார்க்க எனக்குக் கொஞ்சம் நாள் வேண்டும்.
அடுத்த முறை என்னிடம் சொல்லிவிட்டு நிறுத்துங்கள்."
நெலிதாவுக்கு அளவைக் குறைத்தார்.
எனக்கு ரத்தம் எடுத்தார். முடிவு இன்னும் வரவில்லை.

திரும்பும்போது
எண்பதில் நிற்கலாம் என்றேன்.
தொண்ணூறு என்றாள்.
எண்பத்தைந்தில் நின்றோம்.
கடல் பக்கம் இருவருமே திரும்பவில்லை.
கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு
ஊர் பார்க்க
மூச்சு வாங்கினோம்.