காற்று எடுத்தல்

முப்பத்துமூன்று இஞ்ச் டயர் வந்திறங்கிய அன்று
நாகலூரில் பாதிப் பேர் எங்கள் வாசலில்.
ஜீப் ஒரே ராத்திரியில் ஒரு சாண் வளர்ந்திருந்தது.
"பிடிச்சிருக்கா?" என்றான் இருதயராஜ்.
ஏறி உட்கார இனி ஸ்டூல் வேண்டுமே என்று
நான் வாய் திறப்பதற்குள்
ஓடைப் பாறைமேல் ஏற்றிக் காட்டப் போய்விட்டான்.
ஏறும்போதுதான் ஊர் கைதட்டுகிறது.

இறங்குவது என்று ஒன்று இருக்கிறது.

பதினோராவது கொண்டை ஊசி.
மிளகு மூன்று மூட்டை, பலாப்பழம் நான்கு, நான்.
அவன் மிதித்தான்.
பெடல்தான் நின்றது.
வண்டி நிற்கவில்லை.
ரோடு போடக் கொட்டியிருந்த ஜல்லிக் குவியல்
எங்களை வாங்கிக்கொண்டது.
பின்னால் கிடந்த பலாப்பழம் ஒன்று
முன்னால் வந்து என் காலடியில் உட்கார்ந்தது,
டிக்கெட் எடுத்த பயணி மாதிரி.

ஒன்பது நாள்.
சோறு போட்டேன், சட்டை துவைத்தேன்,
பேசவில்லை.

குரங்குச்சாவடி ஷெட்டில் நவ்ஷாத் பாய்
டயரைப் பார்த்தார், அப்புறம் அவனைப் பார்த்தார்.
"துருப்பிடிச்ச நட்டு கழலலேன்னா
ஸ்பேனர்ல நீளமா ஒரு பைப்பு சொருகுவோம்ல?
சக்கரத்தைப் பெருசாக்கி
அந்தப் பைப்பை ரோட்டு கையில குடுத்துட்டீங்க.
உங்க பிரேக்குதான் இப்ப நட்டு."

முன் டிரம் இரண்டும் கழன்றன.
தோசைக்கல் அகலத்துக்கு டிஸ்க்,
இரட்டைப் பிஸ்டன் காலிபர்,
தடித்த மாஸ்டர் சிலிண்டர்.
காலிபர் ரிம்மில் உரச, அரை நாள் கிரைண்டர் கத்தியது.
டயர் அவன் காசு.
பிரேக் என் மிளகு.
பில்லை மடித்து என் பையில்தான் வைத்தேன்.

வெள்ளிக்கிழமை பன்னிரண்டரை.
பாய் கையைக் கழுவித் தொப்பியை எடுத்தார்.
"ஜும்மாவுக்குப் போய்ட்டு வந்துடறேன்.
லைன்ல காத்து இருக்கு, ரெண்டு பேருமா எடுத்து வைங்க.
ஆயில் நசுங்காது, காத்து நசுங்கும்.
ஒரு குமிழி தங்கினாக்கூடக் கால் ஏமாந்துரும்."

தூரத்துச் சக்கரத்தில் தொடங்க வேண்டுமாம்.
பின்பக்கம் இடது சக்கரத்துக்கடியில் அவன்,
ஸ்டியரிங்குக்குப் பின்னால் நான்.
"மிதி."
மிதித்தேன்.
"மிதிச்சுப் பிடி."
பிடித்தேன்.
கொஞ்ச நேரம் சத்தமில்லை.
ஓமலூர் ரோட்டில் ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டே போனது.
"இங்கேருந்து உன் கால் தெரியல,
நீ சொல்லணும்.
பிடிச்சிருக்கா?"

அதே கேள்வி.
அன்று பதிலுக்கு நிற்காமல் போனான்.
இன்று பதில் வராமல்
நிப்பிளைத் திறக்க முடியாது அவனால்.
ஸ்பேனரைப் பிடித்தபடி
கிரீஸ் தரையில் மல்லாந்து கிடக்கிறான்.

கிடக்கட்டும் என்று கொஞ்சம் விட்டேன்.

அப்புறம்,
"பிடிச்சிருக்கேன்."

திறந்தான். காலடியில் பெடல் அமிழ்ந்தது.
கலர் சோடா பாட்டிலுக்குள் குமிழி கொப்பளிக்கிற சத்தம்.
"மூடிட்டேன், விடு."
அவன் மூடும் முன் நான் விட்டால்
வெளியே போன காற்றெல்லாம் திரும்ப உள்ளே.
அவசரப்படவில்லை.
மிதி, பிடிச்சிருக்கா, பிடிச்சிருக்கேன், மூடிட்டேன், விடு.
நான்கு சக்கரம்.
எத்தனை தடவை என்று எண்ணவில்லை.
கடைசியில் பெடல்
அரை விரற்கடையில் இறுகி நின்றது.

புது பேடு பழக வேண்டும் என்றார் பாய்.
நாற்பதிலிருந்து பத்துக்கு, பத்து தடவை,
நடுவில் ஒருமுறைகூட முழுசாக நிறுத்தாமல்.
வாடை வரும், பயப்படாதீர்கள்.
வந்தது. ஜன்னலை இறக்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து
சாவியை நான் எடுத்தேன்.
பதினோராவது வளைவுக்கு முன்
எதிரே ஒன்றும் வரவில்லை, குரங்குகூட இல்லை.
மிதித்தேன்.
நின்றது.
டாஷ்போர்டில் ஊன்றிய அவன் கை
இன்னும் ஊன்றியபடியே இருந்தது.
ஜல்லிக் குவியலில் எங்கள் முன்பக்கம் பதிந்த குழியில்
யாரோ ஒரு பீடித் துண்டை வீசியிருந்தார்கள்.

"ஸ்டூல் இன்னும் வாங்கல," என்றேன்.