பச்சை மை

நானூற்றுப் பன்னிரண்டு மீட்டர் என்றது அளவுப் புத்தகம்.
நாடாவின் ஒரு முனையை உதவிப் பொறியாளர் தேவசகாயம் பிடித்துக்கொள்ள
ஆனையூர் விரிவாக்கம் மூன்றாம் குறுக்குத் தெருவில்
மறுமுனையோடு நான் நடந்தேன்.
நாய்கள் ஒதுங்கின.
திருட்டைப் பிடிக்க வந்தவள் என்ற நடை
எனக்கே தெரியாமல் வந்திருந்தது.

நானூற்றுப் பன்னிரண்டு இருந்தது.
ஒரு சாண் குறையவில்லை.

இரண்டு இடத்தில் தோண்டிப் பார்த்தோம்.
ஆழம் சரி, அடி மணல் சரி,
குழாயில் ஐ.எஸ்.ஐ. முத்திரைகூட அழியவில்லை.
அறுபத்திரண்டு இணைப்பு, அறுபத்திரண்டு மீட்டர் பெட்டி,
பதினெட்டு லட்சத்து நாற்பதாயிரம்
பைசா சுத்தமாக.
தேவசகாயத்தின் முகத்தில்
பரீட்சை எழுதி முடித்த பையனின் நிம்மதி.

"தொறந்து பாக்கலாமாக்கா?"
சீனியம்மாள் திருகினார்.
குழாய் நீளமாக மூச்சு விட்டது.
பெட்டிக்குள் முள் மட்டும் கிறுகிறுவென்று சுற்றியது.
"போன வருசம் இந்தக் காத்துக்கு
முந்நூத்தி எம்பது ரூவா கட்டுனேன்."

மேல்நிலைத் தொட்டி வேறு தலைப்பு, வேறு நிதி,
அந்தக் கோப்பு சென்னையில் இருக்கிறது மேடம்,
மார்ச்சுக்குள் குழாயைப் புதைக்காவிட்டால்
பணம் திரும்பிப் போயிருக்கும் என்றார் தேவசகாயம்.
நியாயம்தான்.
பணம் திரும்பிப் போவதை நானும் பார்த்திருக்கிறேன்.
மேட்டைக்கூட ஏறிவிடும்.

கழிப்பறைகளையும் எண்ணினேன்.
கதவில் திட்ட எண்;
கோப்பில், அதே கதவோரம் சீனியம்மாள் சிரிக்கும் படம்.
உள்ளே பீங்கான்மேல் பலகை போட்டு
காலிக் குடங்கள் அடுக்கியிருந்தன.
"ஒருக்கா ஊத்த அரைக்குடம். அஞ்சு ரூவா.
விடியமுன்ன கண்மாப் பக்கம் போனா ஓசி."
அவர் சொன்னதில் வெட்கம் இல்லை,
விலைதான் இருந்தது.

சுவரில் நகைக்கடைக் காலண்டர்,
அதே ஆணியில் அதன் பின்னால் போன வருடத்தது.
தேதிக்குத் தேதி பேனாக் கோடுகள்.
லாரித் தண்ணீர், குடம் பத்து ரூபாய்.
நாலு, நாலு, மூணு,
மாட்டுப் பொங்கலன்று ஒன்பது.

வீட்டுக்கு நாலு என்று வைத்து
நோட்டின் கடைசிப் பக்கத்தில் பெருக்கினேன்.
அறுபத்திரண்டு வீடு, இரண்டு வருடம்:
பதினெட்டு லட்சத்துப் பத்தாயிரத்து நானூறு.
இன்னும் பன்னிரண்டு நாள் போனால்
இந்தத் தெரு தன் காசில்
இன்னொரு குழாய் புதைத்திருக்கும்.

படிவத்தில் இதற்குக் கட்டம் இல்லை.
நீளம், விலை, தேதி, கையொப்பம்.
தண்ணீர் என்ற சொல்
திட்டத்தின் பெயரில் மட்டும் வருகிறது.

பச்சை மையில் பதினோரு டிக் அடித்தேன்.
பேனாவை மூடவில்லை.

"அந்தக் காலண்டரைத் தருவீங்களா,
அறிக்கையோட இணைக்க?"

சீனியம்மாள் ஆணியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.
"அது முடியாதுங்க.
லாரிக்காரனுக்கு இன்னும் இருபத்தேழு குடம் பாக்கி.
இதக் குடுத்துட்டா
அவன் சொன்னதுதான் கணக்கு."