யாரும் தின்னாத ஆப்பிள்

நான்கு வசந்தமாக மில்டாவின் மரம்
பூத்துவிட்டுச் சும்மா நின்றது.
வால்மியெராவில் எங்கள் தெருவுக்கே தெரியும்.
தபால்காரர்கூட வேலியோரம் சைக்கிளை நிறுத்தி
அண்ணாந்து பார்த்து
உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போவார்.

மில்டா சும்மா இருக்கவில்லை.
முதல் வருடம் உரம் வைத்தாள்,
புல்தரைக்கு வாங்கிய மூட்டையில் மீந்தது.
மரம் இலையாகத் தின்று இலையாகக் கொழுத்தது.
மறு வருடம் மார்ச்சில் வெட்டினாள், ஒரு கோபத்தோடு.
வெட்டுண்ட குச்சிகளின் நுனியில்
வரப்போகும் பூவெல்லாம் மொட்டாக உறங்கியதை
குப்பைக் குவியலில் நான் பார்த்தேன்.
சொல்லவில்லை.

மூன்றாம் வருடம் பனி.
மே பத்தொன்பது, ஒரே இரவு.
காலையில் ஒவ்வொரு பூவின் நடுவிலும் கரும்புள்ளி,
யாரோ வரிசையாகத் தீக்குச்சி அணைத்ததுபோல.
அந்த வருடத்துக்கு ஒரு காரணம் இருந்தது.
மில்டா கிட்டத்தட்ட நிம்மதியாக இருந்தாள்.

நான்காவதில் அவள் மைத்துனன் ஆர்விட்ஸ்
சுருட்டிய செய்தித்தாளால் அடிமரத்தை விளாசினான்.
பயந்தால் காய்க்குமாம்.
காய்த்த மரம்தான் கல்லடி படும் என்பார்கள்.
காய்க்காததும் படுகிறது.

இந்த இடத்தில் நான் ஒன்று சொல்ல வேண்டும்.

என் கொல்லையிலும் ஒரு மரம் இருந்தது.
வீட்டோடு வந்தது, பெயர் தெரியாத ரகம்.
கோலிக்குண்டைவிடக் கொஞ்சம் பெரிய பழம்,
கடித்தால் காதுவரை புளிக்கும்.
பறவைகளே டிசம்பர்வரை யோசிக்கும்.
பழைய வோல்வோ ஒன்று வாங்கினேன், நிறுத்த இடமில்லை.
ஒரு சனிக்கிழமை. சங்கிலி ரம்பம். இரண்டு மணி நேரம்.
மில்டா சன்னலைத் திறந்து
"நல்லதாப் போச்சு ஐவார்ஸ்,
இனி உங்க சமையலறைக்கு வெளிச்சம் வரும்" என்றாள்.
வந்தது.
அந்த வாரம்தான் தன் மரத்திலிருந்து
ஒரு வாளி நிறையப் பழமும் கொடுத்தாள்.
கடைசி வாளி.

போன குளிர்காலம், பல் மருத்துவரின் வாசலில்
கிழிந்த தோட்டப் பத்திரிகை ஒன்றில் படித்தேன்:
ஆப்பிள் பூ தன் மகரந்தத்தைத் தானே ஏற்காது.
வேறு ரகம் வேண்டும்,
அதே வாரத்தில் பூக்க வேண்டும்,
தேனீ களைக்காத தூரத்தில் நிற்க வேண்டும்.
அப்பன் புளிப்பா இனிப்பா என்று
பூ கேட்பதில்லை.

என் பெயரை அழைத்தார்கள்.
நான் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன்.

இந்த மே மாதம், ரயில் பாதைச் சரிவில்
யாரோ சன்னலுக்கு வெளியே எறிந்த எச்சிலிலிருந்து
முளைத்து நிற்கும் ஒரு காட்டு மரத்தில்
ஏழு கிளை அறுத்தேன், பூவோடு.
பெயின்ட் வாளியில் தண்ணீர் ஊற்றி
அதில் நட்டுக்கொண்டு மில்டாவின் கதவைத் தட்டினேன்.
காலை ஆறரை.
"சாவு வீட்டுக்கா, பெண் கேட்கவா?" என்றாள்.
"உங்க மரத்துக்கு."

ஏணியைப் பிடித்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன்.
வோல்வோ, ரம்பம், மகரந்தம்.
மேலிருந்து பதில் இல்லை.
கயிற்றை இரண்டு முறை முடிச்சிட்டாள்,
அவிழ்த்தாள், மறுபடி முடிச்சிட்டாள்.
இறங்கி வந்து சொன்னாள்:
"தினமும் தண்ணி மாத்தறது நீங்கதான்."

மூன்று நாள் மழை, குளிர்.
ஒரு தேனீ எட்டிப் பார்க்கவில்லை.
வாளியில் பாதிப் பூ உதிர்ந்து மிதந்தது.
நான்காம் நாள் மதியம் வெயில் அடித்தது, ஒரு மணி நேரம்தான்.
கொழுத்த வண்டு ஒன்று, பெரிய ரோமச் சட்டை போட்டது,
வாளிக்குள் விழுந்து எழுந்து
தள்ளாடி மேல்கிளைக்குப் போனது.
சமையலறையில் நின்று பார்த்தேன்.
அந்த வெளிச்சத்தில்தான்.

பிஞ்சு பத்தொன்பது.
ஜூன் காற்றில் பதினொன்று கொட்டிவிட்டது,
மரம் தனக்குத் தாங்காததை உதறும் என்று
அதே பத்திரிகையில் இருந்தது.
ஒரு கிளை வேலி தாண்டி
என் வண்டிக்கு மேலே நீண்டிருக்கிறது.
வேலைக்குக் கிளம்பும்போது கண்ணாடியை இறக்கி
எண்ணிவிட்டுத்தான் வண்டியை எடுக்கிறேன்.
நேற்று எட்டு.
இன்று இலை மறைக்கிறது. ஏழோ, எட்டோ.